மசிலன்: பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க முடியாத பள்ளி எப்படி எழுந்தது

1931-இல் ஒஹாயோ மாநிலத்தின் மசிலன் நகரிலுள்ள வாஷிங்டன் ஹைஸ்கூலின் அமெரிக்க ஃபுட்பால் அணி பத்து ஆட்டம் ஆடி இரண்டில்தான் வென்றது. ஆறில் தோல்வி, இரண்டு சமன். அடுத்த ஒன்பது பருவங்களில் அதே பள்ளியின் கணக்கு 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன். அந்த எட்டுத் தோல்விகளிலும் ஏழு முதல் மூன்று பருவங்களுக்குள் வந்துவிட்டன. 1935 முதல் 1940 வரை ஆறு பருவங்களில் தோற்றது ஒரே ஒரு ஆட்டம்.

ஊர் மாறவில்லை, பள்ளி மாறவில்லை, பிள்ளைகளும் அதே தெருக்களின் பிள்ளைகள்தாம். மாறியது பயிற்சியாளர். 1932-இல் பொறுப்பேற்ற பால் பிரவுனுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. பின்னாளில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பெயரே இவரிடமிருந்து வந்ததால், மசிலன் கதையை ஒரு மேதையின் இளமைக்காலமாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. மேதைமையை ஒதுக்கிவிட்டு அவர் செய்த வேலைகளை வரிசையாக அடுக்கினால், ஒரு பொதுப் பள்ளியால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்பது துலக்கமாகத் தெரிகிறது. இந்த ஆய்வின் நோக்கம் அதுதான்.

தொடங்கிய நிலை

பேசுவது அமெரிக்க ஃபுட்பால். நீள்வட்டப் பந்து, ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஹைஸ்கூல் ஆட்டம் பன்னிரண்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு.

மசிலன், கேன்டன் நகருக்கு மேற்கே சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கும் எஃகு ஆலை ஊர். 1930-களில் மக்கள்தொகை 26,000 சொச்சம். இந்த இரண்டு ஊர்களும் 1900-களின் தொடக்கத்திலேயே காசுக்கு ஆடும் அணிகளை வைத்து மோதிக்கொண்டவை. தேசிய ஃபுட்பால் லீக் 1920-இல் உருவானதும் கேன்டனில்தான். ஹைஸ்கூல் அளவிலும் மசிலனுக்கும் கேன்டன் மெக்கின்லி பள்ளிக்கும் 1894-இலிருந்து பகை. ஆக, ஆட்டத்தின்மேல் ஆசையை பிரவுன் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. அவரே வாஷிங்டன் ஹைஸ்கூலில் டேவ் ஸ்டூவர்ட் என்ற நல்ல பயிற்சியாளரிடம் குவார்ட்டர்பேக்காக (களத்தில் ஆட்டத்தை நடத்துபவராக) ஆடியவர். ஆசை இருந்தது, பழைய பெருமை இருந்தது, முறைதான் இல்லை. ஊருக்கே ஆட்டம் புதிது என்றால் இதே வேலைக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். மசிலனை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கை கட்டப்பட்ட இடம் ஒன்று உண்டு. அன்றைய அமெரிக்கப் பொதுப் பள்ளி, தன் வட்டாரத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. செலவில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வந்தது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளியும் பல ஊர்களிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கலாம். பொதுப் பள்ளிப் பயிற்சியாளர், வந்தவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாதவர் கையில் மிஞ்சுவது ஒன்றே: அதே ஆளை முன்கூட்டியே பிடிப்பது.

ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பாடம்

பிரவுனின் முடிவுகளில் கனமானது இதுதான் என்று நினைக்கிறோம். அன்றைய மசிலனில் ஏழு முதல் ஒன்பது வரை ஜூனியர் ஹைஸ்கூல், பத்து முதல் பன்னிரண்டு வரை ஹைஸ்கூல். ஜூனியர் பள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி அணி, தனிப் பயிற்சியாளர். பிரவுன் அந்த அணிகள் அனைத்தும் ஹைஸ்கூல் ஆடும் அதே முறையை ஆட ஏற்பாடு செய்தார். அதே அமைப்பு, அதே பெயர்கள், அதே பிளாக் (எதிராளியை உடம்பால் தள்ளி வழி திறப்பது) செய்யும் விதம்.

இதனால் என்ன லாபம் என்று களத்தில் நின்று கணக்குப் போடலாம். பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அதற்கு முன் பயிற்சிக்குச் சில வாரம். பத்தாம் வகுப்புக்கு வருகிற பையனுக்கு ஆட்டங்களின் (யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்பே திட்டமிட்ட நகர்வுகளின்) பெயர்களைக் கற்றுக்கொடுக்கவே அந்த வாரங்கள் போய்விட்டால், தவறுகளைத் திருத்த நாள் இருக்காது. லைனில், அதாவது முன்வரிசையில், நிற்பவர்களுக்கு இடையேயுள்ள சந்துகளுக்கு எண் கொடுப்பது பொதுவான வழக்கம்: நடுவில் நின்று பந்தைப் பின்னால் எறியும் சென்டருக்கு வலப்புறம் இரட்டை எண், இடப்புறம் ஒற்றை எண். ஒரு ஜூனியர் பள்ளி இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருந்தால், அங்கிருந்து வரும் கார்டு (சென்டரை ஒட்டி நிற்பவன்) ஹைஸ்கூலில் முதல் மாதம் முழுக்கத் தவறான பக்கம் ஓடுவான். கால் பழகிவிட்டதை வாயால் சொல்லித் திருத்துவது லேசான காரியம் இல்லை.

ஏழாம் வகுப்பிலேயே நிற்கும் நிலை, முதல் எட்டு, பந்தை உதைக்கும் முன் எடுக்கும் மூச்சு எல்லாம் ஒன்றாகிவிட்டால், பத்தாம் வகுப்பில் பயிற்சியாளர் நேராக நுணுக்கத்துக்குப் போய்விடலாம். எதிரணி பயிற்சியாளர் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் வாரத்தில் மசிலன் பிழை திருத்திக்கொண்டிருந்தது.

ஆண்டுக் கணக்கும் இதோடு பொருந்துகிறது. 1932-இல் 5 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். 1933-இல் 8 வெற்றி, 2 தோல்வி. 1934-இல் 9 வெற்றி, 1 தோல்வி. அந்த ஒரு தோல்வியும் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மெக்கின்லியிடம். முதல் மூன்று ஆண்டும் மெக்கின்லியிடம் தோல்விதான். 1935-இல் பத்துக்குப் பத்து. 1932-இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் 1935-இல்தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருகிறார்கள். 1940 அணியின் பன்னிரண்டாம் வகுப்பினர் ஏழாம் வகுப்பில் கால் வைத்தது 1935-இல். பிரவுனின் கீழ் மசிலன் முதன்முறை முழுப் பருவமும் வென்ற ஆண்டு அது. ஆறு ஆண்டும் ஒரே பாடம் படித்த அந்த அணி 477 புள்ளி எடுத்து, பத்து ஆட்டங்களில் மொத்தம் 6 புள்ளிதான் விட்டுக்கொடுத்தது. மெக்கின்லி எடுத்த ஒரே டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் 6 புள்ளி) அது. அந்த ஆட்டத்தையும் மசிலன் 34-6 என்று வென்றது. அதே ஆண்டு பருவத்துக்கு முன் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக அணியோடு வைத்த பயிற்சி மோதலில் 47-0.

எதிரே திறமை இல்லாததால் வந்த வெற்றிகள் இவை என்று சொல்ல முடியாது. பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற மரியன் மோட்லி மெக்கின்லியில் ஆடியது இந்த ஆண்டுகளில்தான். அவர் ஆடிய காலத்தில் மெக்கின்லி 25 ஆட்டம் வென்று 3-இல் தோற்றது. மூன்றும் மசிலனிடம்.

ஓட்டத்தின் கணக்கு

ஆட்டமுறை சிங்கிள் விங். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜிம்மி டிஹார்ட், பர்டூவின் நோபல் கைசர் ஆகியோரின் வழிகளிலிருந்து பிரவுன் எடுத்துக் கோத்தது. பலத்தைவிட வேகத்துக்கு முதலிடம். எஃகு ஆலை ஊரில் முரட்டு ஆள்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், ஆண்டுதோறும் ஏழு பெரிய உடம்பு கிடைக்கும் என்று ஒரு பொதுப் பள்ளி நம்பியிருக்க முடியாது. வேகமான கால் கிடைக்கும். கிடைத்ததைப் பழக்கியும் எடுக்கலாம்.

சிங்கிள் விங்கில் சென்டரின் ஒரு பக்கம் நான்கு பேர், மறுபக்கம் இரண்டு பேர் நிற்பது வழக்கம். குவார்ட்டர்பேக் கையில் பந்து வாங்குவதில்லை. சென்டர் தன் கால்களுக்கு இடையே பார்த்து நான்கைந்து கெஜம் பின்னால் நிற்கும், பந்தோடு ஓடப்போகிற டெயில்பேக்குக்கு நேரே எறிகிறான். அடிப்படை ஆட்டம், ஆள் அதிகமுள்ள பக்கத்தில் டேக்கிளுக்கு (லைனில் கார்டுக்கு வெளியே நிற்பவன்) வெளியே ஓடுவது. லைனின் கடைசி ஆளான எண்டும் அவனுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் விங்பேக்கும் சேர்ந்து எதிரணி டேக்கிளை உள்ளே தள்ளுவார்கள். பின்வரிசையில் நிற்கும் பிளாக்கிங் பேக்கும் ஃபுல்பேக்கும் எதிரணி எண்டை வெளியே தள்ளுவார்கள். நடுவில் திறக்கும் சந்தில் கார்டுகள் தங்கள் இடத்தை விட்டு இழுத்து ஓடி வழி திறக்க, பின்னால் டெயில்பேக்.

தாளில் அழகாக இருக்கும். களத்தில் உடைவது பெரும்பாலும் நான்கு இடங்களில். இழுத்து ஓட வேண்டிய கார்டு முதல் எட்டை முன்னால் வைத்தால் பக்கத்து ஆளோடு முட்டிக்கொள்வான். அந்த எட்டு பக்கவாட்டில், கொஞ்சம் பின்வாங்கினாற்போல விழ வேண்டும். ஓடப்போகிறோம் என்ற நினைப்பில் தரையில் ஊன்றிய கையிலிருந்து எடையை எடுத்துவிட்டால், கவனமான எதிரணி லைன்காரன் விரல் நுனி வெளுத்திருக்கிறதா சிவந்திருக்கிறதா என்பதை வைத்தே எந்தப் பக்கம் ஆட்டம் என்று கண்டுபிடித்துவிடுவான். டெயில்பேக் தன் வேகத்தில் மயங்கிக் கார்டுகளுக்கு முன்னால் சந்துக்குப் போய்ச் சேர்ந்தால், வழிகாட்ட ஆளில்லாமல் மூன்று பேர் கையில் சிக்குவான். நான்காவது, சென்டரின் எறிதல்: பந்து ஓடுகிறவனின் உடம்புக்கு நேரே வராமல், அவன் போகும் திசையில் அரைக் கெஜம் முன்னால் வர வேண்டும். நின்று வாங்கினால் அரை விநாடி போச்சு. அந்த அரை விநாடியில் எதிரணி எண்ட் உள்ளே வந்துவிடுகிறான்.

நான்கு பிழைகளுமே உடல்வலுவால் வருபவை அல்ல, திரும்பத் திரும்பச் செய்தால் போகக்கூடியவை. ஆறு ஆண்டு ஒரே பாடம் என்ற ஏற்பாடும் இந்த ஆட்டமுறையும் ஒன்றுக்கொன்று செய்து வைத்தாற்போல அமைந்தது அதனால்தான்.

அன்றைய விதியில் ஆள் மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். தேறிய ஆள் பதினாறு, பதினெட்டு பேர் இருந்தால் ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். ஆனால் அவர்களுக்கு மூச்சு தாங்க வேண்டும். இதன் மறுபக்கம் 1937-இல் தெரிந்தது. அந்த ஆண்டு பென்சில்வேனியாவின் நியூ காஸல் பள்ளியிடம் மசிலன் 7-0 என்று தோற்றது. அணியில் பலருக்கு ஃப்ளூ. ஆறு ஆண்டில் வந்த ஒரே தோல்விக்குக் காரணம் ஆட்டமுறை அல்ல, மாற்று ஆளின் பற்றாக்குறை.

நோட்டும் ஒழுங்கும்

ஆட்டங்களை விவரித்து எழுதிய புத்தகம், அதில் தேர்வு: இதைப் பின்னாளில் எல்லோரும் பிரவுனின் முத்திரை என்றார்கள், மசிலனிலேயே தொடங்கிவிட்டது. தன் வேலை மட்டும் தெரிந்த கார்டு, பக்கத்து ஆள் தவறினால் திகைத்து நிற்பான். எல்லோர் வேலையும் தெரிந்தவன் இட்டு நிரப்புவான். எழுதச் சொல்வதன் பயன் அது. உழைக்காதவர்களை அவர் அணியிலிருந்து நீக்கினார். ஆட்டத்தின்போது மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது, நின்று பார்க்க வேண்டும். கடைசி விதி இராணுவ வாடை அடிக்கிறது. இன்றைக்கு ஒரு பள்ளியில் இதைச் சொன்னால் பெற்றோர் சங்கம் மறுநாளே வாசலில் நிற்கும்.

கறுப்பின மாணவர்களை அணியில் சேர்ப்பதில் அவர் தயங்கவில்லை. வடக்கு மாநிலப் பள்ளிகளிலும் இது எல்லா இடத்திலும் நடந்த காரியமல்ல. 1940 அணியில் ஆடிய ஹொரேஸ் கில்லம் பின்னர் கிளீவ்லாந்து பிரவுன்ஸில் பேர்பெற்ற பன்டர் (பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியைப் பின்தள்ளுபவர்) ஆனார். ஆள் தேட வெளியே போக முடியாத பள்ளி, உள்ளே இருப்பவர்களில் ஒரு பகுதியை ஒதுக்குவது அநியாயம் மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட.

உதவிப் பயிற்சியாளர்களின் தரத்துக்கு ஒரு சான்று போதும். மசிலனில் பிரவுனின் கீழ் வேலை பார்த்த கரோல் விடோஸ், 1944-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் பொறுப்பை ஏற்று அந்தப் பருவத்தில் ஒன்பதுக்கு ஒன்பது வென்றார்.

காசும் கூட்டமும்

வெற்றி வந்த பிறகுதான் அரங்கம் வந்தது. வரிசை முக்கியம். 1930-களின் பொருளாதாரச் சரிவில் கூட்டரசின் வேலைவாய்ப்புத் திட்டம் மூலம் 1939-இல் மசிலனில் புது அரங்கம் எழுந்தது. செலவு சுமார் 2,46,000 டாலர். ஏறக்குறைய 20,000 பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே 26,000 என்பதை நினைவில் வையுங்கள். ஆதரவாளர் சங்கம் 1934-இலேயே தொடங்கிவிட்டது. ஊரில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு ஒரு சின்ன ஃபுட்பால் பரிசளிக்கும் வழக்கம் அந்தச் சங்கத்துடையது.

1938-இல் ஜார்ஜ் பேர்ட் வாத்தியக் குழுவின் பொறுப்பேற்றார். அணிவகுப்போடு நிற்காமல் இடைவேளையை ஒரு கேளிக்கையாக்கினார். ஆட்டத்தில் ஆர்வமில்லாத குடும்பத்தினரும் சீட்டு வாங்கினார்கள். பயிற்சியாளர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுவார்கள், பிரவுன் மதிப்பிடவில்லை. கிளீவ்லாந்துக்குப் போனபோது பேர்டையும் கேளிக்கைப் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டார்.

இதே வேலையைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸின் ஆலன் பள்ளி அரங்கம் இருக்கிறது. அங்கே அணி ஏற்கெனவே பலமானது என்பது வேறு. 2012-இல் 6 கோடி டாலர் செலவில் 18,000 இருக்கைகளோடு திறந்த அரங்கம், கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடப்பட்டு, பழுது பார்த்து 2015-இல்தான் மறுபடி திறந்தது. கட்டடம் அணியை உருவாக்குவதில்லை, ஒரு பருவம் முழுக்க அணியை வெளியே அலைய வைக்க மட்டும் அதனால் முடியும்.

கறுப்புப் பக்கம்

கீழ்வகுப்பில் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு ஒரு கெட்ட நிழல் உண்டு. ஹைஸ்கூலில் ஆடும் தகுதி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எட்டு அரையாண்டுகள் என்பது விதி. அதற்கு முந்தைய வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தால் அந்தக் கடிகாரம் ஓடாது. ஆகவே படிப்பில் தேறிய பையனையே எட்டாம் வகுப்பை மறுபடி படிக்க வைத்து, ஒரு வயது மூத்தவனாக, இன்னும் சில கிலோ கூடியவனாக ஹைஸ்கூலுக்கு அனுப்பும் பழக்கம் மசிலனில் வேரூன்றியது. பதினேழு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் உடம்பில் உள்ள வித்தியாசம் லைனில் நிற்பவனுக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் படிப்பு ஆண்டை ஊரின் ஆட்டத்துக்காகச் செலவழிப்பது சரியா என்ற கேள்விக்கு, ஜெயித்த ஊரில் பதில் தேடிப் பயனில்லை.

பயிற்சியாளர் போன பிறகு

1941-இல் பிரவுன் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஒரு ஆளைச் சுற்றி எழுந்த அணி அவரோடு விழும். மசிலன் விழவில்லை. 1948 முதல் 1953 வரை சக் மேதர் 57 வென்று 3-இல்தான் தோற்றார். 1964, 1965 இரண்டு பருவத்திலும் ஏர்ல் புரூஸ் இருபதுக்கு இருபது வென்றார். இருவருமே பிறகு கல்லூரி அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர்கள். ஆள் மாறினாலும் ஜூனியர் பள்ளியிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்தது.

அடித்தது வேறொன்று. அதுவரை மாநிலத்தில் யார் முதல் என்பதைச் செய்தியாளர்களின் வாக்கெடுப்பு தீர்மானித்தது. 1972-இல் ஒஹாயோவில் நாக்-அவுட் சுற்று வந்தது. தகுதிக்கு அடிப்படை கணினிப் புள்ளிகள்: நீங்கள் வென்ற அணியின் பிரிவுக்கு ஒரு மதிப்பு, அந்த அணி மற்றவர்களை வென்றதற்கு இன்னொரு மதிப்பு. பலவீனமான அணிகளை நொறுக்கினால் கைதட்டல் கிடைக்கும், புள்ளி அதிகம் கிடைக்காது. அட்டவணை போடுவதே தனி வேலையாயிற்று. பின்னாளில் எந்த லீகிலும் சேராமல் தனித்து ஆடிய மசிலனுக்கு அது இரட்டை வேலை. கூடவே ஆலைகள் சுருங்கின, மாணவர் எண்ணிக்கை குறைந்தது, ஆள் மாற்றும் விதி தளர்ந்ததால் தாக்குதலுக்கு ஒரு பதினொன்று, தடுப்புக்கு ஒரு பதினொன்று என்று ஆள் தேவை இரட்டித்தது. பெரிய பள்ளிக்கும், பல ஊர்களிலிருந்து சேர்க்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கும் சாதகமான மாற்றம் இது. 1980, 1982, 2005, 2018, 2019, 2020 என்று ஆறு முறை இறுதிவரை வந்து ஆறு முறையும் மசிலன் தோற்றது.

இதை எடுத்துச் செய்ய விரும்பும் பொதுப் பள்ளிக்கு

முதல் ஆண்டு ஹைஸ்கூல் அணியில் கைவைப்பதைவிட, ஊட்டும் பள்ளிகளின் (ஹைஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கீழ்வகுப்புப் பள்ளிகளின்) பயிற்சியாளர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது பயன்தரும். ஆட்டங்களைக் குறைத்துப் பெயர்களை ஒன்றாக்குங்கள். ஏழாம் வகுப்புக்கு ஆறேழு ஓட்ட ஆட்டமும் மூன்று நான்கு எறிதலும் போதும். மேலே போகப் போகக் கூட்டலாம், பெயர் மட்டும் மாறக் கூடாது. ஊட்டும் பள்ளிப் பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கை வைத்து அவரை எடை போடுவதை நிறுத்துங்கள். அப்படி எடை போட்டால் அவர் இருப்பதிலேயே பெரிய பையனிடம் ஒவ்வொரு முறையும் பந்தைக் கொடுத்து ஆட்டத்தை வெல்வார், மற்ற பத்துப் பேரும் ஒன்றும் கற்காமல் உங்களிடம் வருவார்கள். இந்த ஏற்பாடு தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

பள்ளி நிர்வாகத்திடம் நான்கு ஆண்டு கேளுங்கள். பிரவுனுக்கே மெக்கின்லியை வெல்ல நான்காவது பருவம் வரை பிடித்தது; மூன்றாம் ஆண்டில் அவரை நீக்கியிருந்தால் மீதிக் கதையே இல்லை.

பிரவுன் காலத்துப் பயிற்சி அளவுகளை அப்படியே எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இன்றைய வழிமுறைப்படி பருவத்தின் முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டும், அடுத்த இரண்டு நாள் தோள்கவசமும், ஐந்தாம் நாள்தான் முழுக் கவசம். ஆகஸ்டு வெயிலில் உடம்பு பழகாமல் முழுக் கவசம் போட்டால் வெப்பத்தாக்கில் உயிரே போகும். முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 60 முதல் 90 நிமிடத்துக்குள். மோதல் நேரம் இவ்வளவு சுருங்கிய பிறகு, பெயரும் எட்டும் முன்பே தெரிந்திருப்பதன் மதிப்பு 1935-ஐவிடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

2023 பருவத்தில் மசிலன் இறுதியாக நாக்-அவுட் முறையில் மாநிலப் பட்டம் வென்றது. நேட் மோரின் பயிற்சியில் பதினாறுக்குப் பதினாறு. இறுதியாட்டத்தில் ஆக்ரன் நகரின் கத்தோலிக்கப் பள்ளியான ஹோபனை 7-2 என்று வீழ்த்தியது. ஆட்டம் நடந்த கேன்டன் அரங்கம் மெக்கின்லியின் சொந்தக் களம். ஆனால் இந்த வெற்றியை 1935-இன் வெற்றியோடு அப்படியே ஒப்பிட முடியாது. இன்றைய ஒஹாயோவில் விரும்பும் பொதுப் பள்ளி வட்டாரங்கள் வெளி மாணவரையும் சேர்க்கலாம். 2017-இலிருந்து ஒவ்வோர் ஆட்டக்காரரும் எங்கிருந்து வந்தார் என்பதைக் கணக்கிட்டு, பள்ளியின் மாணவர் எண்ணிக்கையோடு கூட்டி, அதன்பிறகே பிரிவு ஒதுக்குகிறார்கள். பொதுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் நடுவே இருந்த கோடு பாதி அழிந்துவிட்டது. ஆகவே இனி வரும் அணிகளை ஆராய்கிறவர்கள் வெற்றிப் பட்டியலைப் புரட்டும் முன், அந்த ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் ஏழாம் வகுப்பை அதே ஊரில் படித்தார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.